கும்பிட்ட பெடல்

கோண்டாவில் பஞ்சலிங்கத்தின் இடக்கையை எண்பத்து மூன்றாம் ஆண்டில் தண்ணீர் இறைக்கும் மெசினின் பெல்ட் இழுத்தது. மூன்று விரல் போயிற்று. மிச்ச இரண்டும் மடங்காது. தோட்டம் கொத்த மட்டுமென்றால் எப்படியும் மண்வெட்டி பிடித்துவிடலாம். ஆனால் இந்த மனிதர் தியாகலிங்கத்தின் மெல்லிசைக் குழுவில் கீபோட் வாசிக்கிறவராயிற்றே! வலக்கை பாட்டை வாசிக்க, இடக்கைதான் கீபோட்டின் ஓரத்திலுள்ள சின்னச் சக்கரத்தை உருட்டிச் சுரத்தை வளைக்கும். வளையாத சுரத்தில் தோடி எங்கே வரும்?

ஜேர்மனியிலிருந்த மைத்துனன் இராசநாயகத்துக்குக் கடிதம் போட்டார். காலால் இயக்கும் பெடல் வேண்டும்; மேலும் கீழும் அழுத்தினால் சத்தம் கூடிக் குறைய வேண்டும், இடமும் வலமும் அசைத்தால் சுரம் வளைய வேண்டும். அப்படியொன்று உலகத்தில் இருக்கிறதா என்றே பாவி மனிதருக்குத் தெரியாது. ஒன்றரை வருசம் தேடி, பழைய சாமான் கடையொன்றில் அகப்பட்டது என்று பதில் வந்தது. அதற்குள் தியாகலிங்கம் பொறுமையிழந்துவிட்டார்.

"விசயதசமிக் கச்சேரியிலையும் சுரம் வளையாட்டி வேறை ஆளைத்தான் பிடிக்கவேணும், அண்ணை. குறை நினையாதேங்கோ."

மனைவி குணலட்சுமியிடம் பஞ்சலிங்கம், "உன்ரை தம்பி வாத்தியச் சாமான் ஒண்டு அனுப்புறான்" என்று மட்டும் சொன்னார். காலால் வாசிக்கப் போகிறேன் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட!

பார்சல் வந்தபோது அவர் தோட்டத்தில். அன்றுதான் சரசுவதி பூசை தொடக்கம். குணலட்சுமி பிரித்துப் பார்த்தாள். சப்பட்டையாக, வழவழவென்று ஒரு பலகை. தம்பி அனுப்பிய வாத்தியம்! மஞ்சள் துணி விரித்து, சந்தனம் பூசி, சரசுவதி படத்தை அதன்மேலேயே இருத்திவிட்டாள்.

"இஞ்சரப்பா, அது காலாலை மிதிக்கிற சாமான்!" பஞ்சலிங்கம் தலையில் கைவைத்தார்.

"என்ரை அம்மாளாச்சி! முதலே சொல்லியிருக்கலாமே!"

"சைக்கிளுக்கும்தானே பொட்டு வைக்கிறம். பிறகு மிதிக்கேல்லையே?"

"சைக்கிளிலை ஆர் அம்பாளை இருத்தினது?" என்று அவள் அழுதாள்.

பூசையில் வைத்ததை மூன்று நாளும் எடுக்கக்கூடாது. தேடிக் கிடைத்த பெடல் கண்ணெதிரே இருக்க, அவர் பூப்போட்டுக் கும்பிட்டார். வேறென்ன செய்வார்?

விசயதசமி மாலை. அசுரனென்று வாழையை வெட்டும் வாழை வெட்டு முடிந்ததும் கோயில் வீதியில் மேடை. பெடலை வயரில் கொளுவிக் காலடியில் வைத்தார்கள். சந்தனத்தைத் துடைத்தாயிற்று, மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. பாட்டு தொடங்கியது. சுரம் வளைய வேண்டிய இடமும் வந்தது. பஞ்சலிங்கம் காலைத் தூக்கினார். தூக்கிய கால் இறங்கமாட்டேன் என்றது. சுரம் தடிபோல நேராகப் போனது. தியாகலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

முன்னால் இருந்த குணலட்சுமி எழுந்துவிட்டாள். "மிதியுங்கோ! பாவம் என்ரை தலையிலை வரட்டும், மிதியுங்கோ!"

சனமெல்லாம் அவளைப் பார்த்தது. அவர் மறுபடியும் தூக்கினார். காலைப் பக்கத்தில் வைத்தார். பிறகு குனிந்து, அந்த இரண்டு விரல் கையால் பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாட்டு அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.