பதினோரு பேருக்குப் போன மெயில்

சிறுசேரியில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. சென்னையிலிருந்த ஒரு மருத்துவமனைக்காக எங்கள் குழு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களுக்கு மெயில் அனுப்பும் பகுதி என்னுடையது. மெயில் போகும் வழக்கமான பாதையை அங்கே பாதுகாப்புக்காக அடைத்து வைத்திருந்தார்கள். அதனால், நாம் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கிறோமே, அதே எச்டிடிபி வழியாகத்தான் என் புரோகிராம் அவர்களுடைய மெயில் சர்வரிடம் பேசியாக வேண்டும். இன்னாருக்கு இந்தச் செய்தியை அனுப்பு என்று அது கேட்கும்; சர்வர் ‘200’ என்று பதில் சொன்னால் வாங்கிக்கொண்டது என்று பொருள்.

ஒரு புதன்கிழமை காலை சோதித்துப் பார்த்தேன். எங்கள் குழுவின் மூன்று முகவரிகளுக்கு மட்டும் போக வேண்டும். ‘உங்கள் அறுவை சிகிச்சை ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்பதுதான் சோதனைக்கான வாசகம். திரையில் 200 மூன்று முறை விழுந்தது. நான்காவதும் விழுந்தது. ஐந்து, ஆறு. நிறுத்தும் விசைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. குனிந்து மேசைக்கடியில் கையை விட்டு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். பதினொன்றில் நின்றது.

சோதனைப் பட்டியலை விட்டுவிட்டு என் புரோகிராம் உண்மையான நோயாளிகளின் பட்டியலைப் படித்திருக்கிறது. முந்தின நாள் நான் மாற்றிய ஒரே ஒரு வரிதான் காரணம்.

மேலாளர் சத்தம் போடவில்லை. “மொதல்ல தப்புன்னு சொல்லி இன்னொரு மெயில் அனுப்பு” என்றார். அனுப்பினேன். பதினோரு 200.

“போயிடுச்சுல்ல?”

“சர்வர் வாங்கிடுச்சு சார். அவங்க படிச்சாங்களான்னு தெரியாது.”

மருத்துவமனையிலிருந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்தார்கள். மதியத்துக்குள் பத்துப் பேர் கிடைத்துவிட்டார்கள். பதினோராவது ஆள் கோவளத்துப் பெண். கர்ப்பப்பையில் கட்டி, மறுநாள் காலை அறுவை சிகிச்சை. அன்று மாலை ஆறு மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும். கொடுத்திருந்த எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்தப் பெண்ணின் மெயில் முகவரியில் ஒரு பிரவுசிங் சென்டரின் பெயர்தான் இருந்தது. கோவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துப் போனால், கடைக்காரர் வெளியே படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“அந்த அக்காவுக்கு ஏதும்மா மெயிலு? என்னுதுதான் குட்துகீது. காலைலயே பிரிண்ட் எடுத்து வூட்ல குட்த்துட்டேனே.”

“அப்புறம் இன்னொண்ணு வந்திருக்குமே, பாக்கலியா?”

“அத்தக் குட்த்துட்டு வர்றதுக்குள்ள போன கரண்ட், இன்னும் வர்ல. இன்னாத்த பாக்குறது?”

வீட்டை அவரே காட்டினார். அந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கணவர் எங்கே என்று கேட்டேன்.

“கடலுக்குப் போயிட்ச்சி. ஆபரேசன் இல்லன்னு ஆயிட்ச்சி, வூட்ல குந்திகினு இன்னா பண்றதுன்னு கெளம்பிட்ச்சி. காலைலதான் கரைக்கு வரும்.”

ஆபரேஷன் நாளைக்கேதான் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“நீ ஆஸ்பத்திரிலேர்ந்து வரியா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

“இல்லக்கா. அந்த லெட்டரத் தப்பா அனுப்பினதே நான்தான்.”

முந்தானையில் கையைத் துடைத்தார். “பத்து நாளா தூக்கம் இல்ல. பயம். அந்தப் பேப்பரப் பாத்தப்புறம் இன்னிக்குதான் வயிறு ரொம்ப துன்னேன். இப்ப வந்து நாளைக்கு அறுப்பாங்கன்றே. நான் வர்ல.”

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. இந்த முறை விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ தெரியாது. அவரை வற்புறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் தோன்றியது.

“வலி எப்படி இருக்குக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

“நைட்ல எயுந்து குந்திக்குவேன்.” கீழே வைத்த தட்டை எடுத்துக் கவிழ்த்தார். “தனியா எப்டிப் போறது? நீ வருவியா?”

“வரேன்க்கா.”

“அவரு வர்ற வரிக்கும் இருக்கணும்.”

“இருக்கேன்.”

கட்டிலுக்கடியில் பை தயாராகவே இருந்தது. கணவர் கரையேறியதும் சொல்லும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். திருவான்மியூர் நெருங்கும்போது வண்டிகள் நகரவே இல்லை. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வந்தார். அங்கே இறங்கி ஆட்டோ பிடித்தோம். மருத்துவமனை கவுண்ட்டருக்குப் போனபோது ஆறடிக்கப் பத்து நிமிடம்.

“கூட வந்தவங்க யாரு? சொந்தமா?” என்று கேட்டார் கவுண்ட்டரில் இருந்தவர்.

“லெட்டர் போட்ட பொண்ணு” என்றார் அக்கா. கவுண்ட்டர்காரருக்குப் புரியவில்லை. ‘உடனிருப்பவர்’ என்று என் பெயரை எழுதிக்கொண்டார். மத்தியானம் சாப்பிட்டதை டாக்டரிடம் அக்காவே சொன்னார். இனிமேல் ஒன்றும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிப் படுக்கை கொடுத்தார்கள்.

காலையில் அவரை உள்ளே கொண்டுபோகும் நேரத்தில் கணவர் ஓடிவந்தார். லுங்கி முட்டிவரை ஈரம். மனைவியின் கையை ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

“நீதானா அது?”

தலையாட்டினேன்.

“கரைல கால் வைக்கிறேன், ஆளு வந்து சொல்றான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இன்னா வேலம்மா பாக்குறீங்க நீங்க?”

கேட்டுவிட்டு, நான் இருந்த பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு நர்ஸ் வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோது அவர் அழுதார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அலுவலகம் போனபோது என் வேலையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அனுப்பும் முன் யார் யாருக்குப் போகிறது என்று திரையில் காட்டி, ஒரு ஆள் சரி என்று சொன்ன பிறகே சர்வரைக் கூப்பிடும்படி புரோகிராமை மாற்றி எழுத அவரிடம் சொன்னேன். அதை அவர் அன்றைக்கே செய்தார்.