கிறிஸ்துமஸுக்காக மூடிய வெண்டிலேட்டர்கள்

சித்தூரில் நான் தலைமையாசிரியராக இருந்த மிஷன் பள்ளியின் பெரிய ஹால் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஓட்டுக்கூரை. அதற்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கச் சுவரிலும் வரிசையாக வெண்டிலேட்டர்கள் என்கிற சிறிய மேல் ஜன்னல்கள். கயிற்றை இழுத்தால் திறக்கும். வார நாட்களில் அங்கே மூன்றாம் வகுப்பு நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு ஆராதனைக்குச் சபை கூடும். மூன்றாம் வகுப்பு டீச்சர் என் மனைவி. வீட்டில் என்னை ‘இன்னாங்க’ என்று கூப்பிடுவாள். பள்ளிக்குள் வந்துவிட்டால் ‘சார்’தான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனை. மேலிருந்து பனிக்காற்று இறங்கியது. கிழவர்கள் இருமினார்கள். போதாக்குறைக்கு, பள்ளியையும் சபையையும் நடத்திய கமிட்டியின் பெரியவர் ஒருவருடைய மனைவியின் புதுப் பட்டுப்புடவையில் குருவி எச்சமிட்டது. ஆராதனை முடிந்ததும் அந்தப் பெரியவர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா மேஷ்டரே, கோயில் கட்டிக்கிறீங்களா, குருவிக்குக் கூண்டு கட்டிக்கிறீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஹாலுக்கு மின்விசிறி வேண்டும் என்று பிள்ளைகளின் பெற்றோர் முன்பே கேட்டிருந்தார்கள். நான் இரண்டையும் சேர்த்துக் கமிட்டிக்கு ஒரு திட்டம் கொடுத்தேன். வெண்டிலேட்டர்களை அடைத்துவிடுவது, பாதி உயரத்தில் ஹார்ட்போர்டு அட்டையால் உட்கூரை போடுவது, அதற்குக் கீழே விசிறிகள் மாட்டுவது. இடம் குறைந்தால் காற்றும் குறைவு, குறைந்த காற்றைச் சுழற்றக் குறைந்த கரெண்ட் போதும் என்று விளக்கினேன். நான் இயற்பியல் படித்தவன். கரும்பலகையில் படம் வேறு போட்டுக் காட்டினேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் வேலை முடிந்தது. அன்று ஹால் கதகதப்பாக இருந்தது. பெரியவர் என் கையைக் குலுக்கி, “இப்பதான் மேஷ்டரே, கோயில் மாதிரி கீது” என்றார். அதே ஹாலில் மார்ச் மாத மதியம் பிள்ளைகள் உட்காருவார்கள் என்பது எங்கள் சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

வெயில் ஏறியதும் ஓட்டின் சூடு அட்டைக்கு இறங்கியது. வெளியேற வழியில்லை. மேலிருந்து வந்த வெளிச்சமும் போய்விட்டதால் பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. மிச்சமாகும் என்று நான் சொன்ன கரெண்ட் அதிலேயே போயிற்று. அதுவும் கரெண்ட் இருந்தால்தான். மதியமானால் அட்டெண்டர் வந்து, “கரெண்ட் போயிந்தி சார்” என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, நானே அதைப் பிடுங்கிவிட்டது போல என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிள்ளைகள் அதையும் விளையாட்டாக்கிவிட்டார்கள். “டீச்சர், இட்லி வெந்துச்சு, எறக்குங்க!” என்று ஒரே குரலில் கத்துவது வராந்தா வரைக்கும் கேட்கும். என் மனைவியும் சிரித்துக்கொண்டே அவர்களை வெளியே வேப்பமரத்தடிக்கு நடத்திப் போவாள். கமிட்டிக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வார்கள் என்று நான் அவர்களைத் திரும்ப உள்ளே அனுப்புவேன். ஒரு நாள் அப்படி அனுப்பிய பிறகு ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். என் மனைவிதான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

“சார், அந்த அட்டையப் பிச்சிடுங்க. மேல் ஜன்னலத் தொறந்து வுடுங்க. பசங்க புழுங்கிச் சாவுதுங்க.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் சொன்னேன்: “வெயில் தாங்காத டீச்சருங்க மாத்தல் கேட்டு எழுதிக் குடுக்கலாம்.”

சொன்ன மாத்திரத்திலேயே அது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் திரும்ப எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று மாலையே அவள் எழுதிக் கொடுத்தாள், ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி. வீறாப்பில் நானும் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஜூனில் மிஷனின் திருப்பதிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அங்கே அவள் அக்கா இருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போக, வீட்டில் நான் மட்டும்தான்.

ஓராண்டு வீம்பிலேயே கழிந்தது. நானே சமைத்தேன், அதைத் தனியாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் பேச ஆளில்லாமல் பள்ளியிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த கோடையில் அட்டையைப் பிய்த்தெறிந்தேன். கமிட்டியைக் கேட்கவில்லை. வெண்டிலேட்டர்களைத் திறந்து குருவிக்குக் கம்பிவலை அடித்தேன், ஓட்டுக்கு மேல் சுண்ணாம்பு பூசவைத்தேன். மதியத்தில் நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார முடிந்தது.

அந்த வாரமே திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். அவள் பள்ளி திருச்சானூர் போகிற ரோட்டில். இடைவேளை நேரம். வராந்தாவில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அட்டையப் பிச்சிட்டேன். ஜன்னலையும் தொறந்துட்டேன். வந்துடு” என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. சொம்பைக் கீழே வைத்தாள்.

“நெசமாவா? பசங்க இன்னா சொல்லுதுங்க?”

அவளைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, “பசங்களுக்காக யார் செஞ்சா? உனக்காகத்தான் செஞ்சேன்” என்றேன்.

 “நான் எனக்காகவா கேட்டேன்?” என்றாள். மறுபடி சொம்பை எடுத்துக்கொண்டாள். “அக்கா ஊட்ல சோறு கீது. துன்னுட்டுப் போங்க. எனக்கு அடுத்த பீரியடு கீது.”

மணி அடித்தது. பிள்ளைகளோடு உள்ளே போய்விட்டாள். நான் சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

அவள் திரும்பி வரவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. லீவு நாட்களில் வருவாள், வீட்டைப் பெருக்கி ஒழுங்குபடுத்துவாள், பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் போய்விடுவாள். ஊரில் கேட்டால், “ரெண்டு பேருக்கும் ரெண்டு ஊர்ல வேலை” என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னோம். அவள் ஓய்வு பெறுவதற்கு முன்பே திருப்பதியில் காலமானாள். கடைசி மே மாதம் வந்திருந்தபோது, ஞாயிறு ஆராதனைக்கு ஹாலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், “நல்லா காத்து வருது, இல்ல?” என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. என்னிடம் அதை அவள் ஒருமுறையும் சொன்னதில்லை.