கார்டின் இருபுறமும்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கணினி மையத்தில் செலினா வேலை பார்த்தாள். வெள்ளிமலையில் நர்ஸாக இருந்த ஆண்டாள், மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குப் பணம் கட்ட வந்தபோது தன் கிரெடிட் கார்டை அவளிடமே கொடுத்தாள். ஆண்டாள் பார்க்காதபோது செலினா அதன் இருபுறமும் படமெடுத்து, சித்தி மகன் ஜெரினுக்கு அனுப்பினாள்.

"ஓ.டி.பி. கேக்காத வெளிநாட்டு சைட்டுல ஒரு போனு மட்டும் வாங்கிக்கிறேன்க்கா. அவங்களுக்கு பேங்க்ல திருப்பிக் குடுத்துடுவாங்க" என்று அவன் கெஞ்சியிருந்தான்.

அதன்பின் வெள்ளிமலை பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் செலினா தலையைக் குனிந்துகொண்டாள். ஒருநாள் அதிலிருந்து இறங்கி ஆண்டாள் நேரே அவளிடம் வந்தாள்.

"யாரோ என் கார்டுல போன் வாங்கிக்கினாங்கம்மா. போலீசுக்கு ஆன்லைன்ல புகார் போட்டுக் குடு. உன்னை வுட்டா எனக்கு யாரத் தெரியும்?"

ஆண்டாளின் பெயரை அடித்ததுமே செலினாவின் கை நின்றுவிட்டது.

"நான்தான்க்கா படம் எடுத்து அனுப்புனேன்."

ஆண்டாள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "எந்திரி, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றாள்.

"நான் ஒரு பைசா தொடலைங்க சார்" என்று அங்கே அழுத செலினாவிடம் எஸ்.ஐ. சொன்னார்: "ஏமாத்தப் போறான்னு தெரிஞ்சே நம்பரை அனுப்புன இல்ல? அதுவே குத்தம்தாம்மா."

ஜெரினோடு அவள் பெயரும் வழக்கில் ஏறியது. வேலை போயிற்று. ஆண்டாளுக்கு வங்கி பணத்தைத் திருப்பித் தந்துவிட்டதாகக் கேள்விப்பட்டும் செலினாவுக்கு மனம் ஆறவில்லை. ஆண்டாள் இப்போது யார் கையிலும் கார்டைக் கொடுப்பதில்லையாம்.

விவரம் தெரியாமல் செய்ததாகச் சொல்லச் சொன்னார் வக்கீல். செலினா நீதிபதியிடம் அப்படிச் சொல்லவில்லை.