பெட்டிகளில் படித்த பிரெஞ்சு

கடந்த செப்டம்பரில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து நானும் கணவரும் தெற்குப் பிரான்சுக்குப் போயிருந்தோம். மத்தியதரைக் கடலோரம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர்களை வாடகைக் காரில் சுற்றிப் பார்த்தோம்.

கணவருக்கு நீரிழிவு. இன்சுலின் போட்டால் உடனே சாப்பிட வேண்டும். அன்று அடுத்த ஊரில் சாப்பிடலாம் என்று நம்பிக் காரிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டார். போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. கல் பாவிய அழகான தெரு; ஆனால் மதிய இடைவேளைக்காக உணவகம், கடை எல்லாமே மூடியிருந்தன.

தேவாலயப் படியில் உட்கார்ந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது.

“உந்த பஸ் இன்னும் வரேல்லையோ?” என்றார்.

“நாங்கள் காரிலயெல்லோ வந்தனாங்கள்.”

அவர் என்னை யாரோ போலப் பார்த்தார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று விளங்கியது.

பக்கத்து வீட்டுக் கதவை இரு கைகளாலும் தட்டினேன். ஒரு பெண் திறந்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் கனடாவில் உணவுப் பெட்டிகளில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்கும். கணவருக்காகச் சர்க்கரை அளவைத் தேடித் தேடிப் படித்ததில் ஒரு சொல் மனதில் பதிந்திருந்தது.

“சுக்ர்! சுக்ர்!” என்று கணவரைக் காட்டினேன்.

அந்தப் பெண் உள்ளே ஓடி, அன்று பிழிந்த திராட்சைச் சாற்றைக் கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். கால்மணி நேரத்தில் கணவர் நிமிர்ந்து, “ஏன் நீர் அழுறீர்?” என்று கேட்டார்.

இப்போது என் கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் வில்லைகள் இருக்கும். வெளியே போனால் அவருடைய ஊசிப் பையும் என்னிடம்தான். அவர் எவ்வளவு முணுமுணுத்தாலும், சாப்பாடு மேசைக்கு வரும்வரை அதைக் கொடுப்பதில்லை.