முத்தையா அண்ணன் காரில் கிடந்த கல்

முத்தையா அண்ணனின் சாவுக்கு நான்தான் காரணம்.

கலவரத்தில் கல்லெறிந்து கொன்றார்கள் என்றுதான் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டி மஹய்யாவையில் எல்லோரும் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தக் கல்லை அவர் கையில் கொடுத்தவளும் நானே!

அவர் வாடகைக்கார் ஓட்டியவர். அவருடைய மொரிஸ் மைனரின் பின்சக்கர அச்சு, எக்ஸல், முறிந்தபோது கண்டி முழுவதும் தேடியும் வேறொன்று கிடைக்கவில்லை. எங்கள் கராஜில், கலவரத்தில் எரிக்கப்பட்ட ஒஸ்டின் கார் ஒன்று கிடந்தது. அதன் எக்ஸலைக் கழற்றிப் பொருத்தித் தரும்படி கேட்டார். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள் என்று முதலாளி இத்தகைய வேலைகளை என்னிடம் விடுவார்.

இரண்டும் ஒன்றல்ல. ஒஸ்டினுடையது இரண்டு அங்குலம் அகலம் கூட. வில்தகடுகள் அமரும் இடம் வேறு. பிறேக் குழாய் வரும் பக்கம் வேறு. பட்டியல் போட்டேன்... பதினொரு விடயங்கள். ஒவ்வொன்றாக முடித்துப் பக்கத்தில் சரி போட்டேன். கைப்பிறேக் கம்பி மட்டும் எட்டவில்லை. நீளமான கம்பி வரும்வரை, காரை நிறுத்தும்போது சக்கரத்துக்கு அணை கொடுக்கச் சொல்லி, கராஜில் அதற்கென்றே வைத்திருந்த கருங்கல்லைக் கொடுத்தேன்.

"கல்லோட அலைய வச்சிட்டியே தங்கச்சி. பொலிஸ் பாத்தா நான்தான் எறியப் போறேன்னு புடிப்பான்" என்று சிரித்து, அதை முன் இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டார்.

பதினொன்றாவது விடயம்... அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பின்பக்க வேலை முடிந்தால் எங்கள் கராஜில் ஒரு வழக்கம். வேலையாட்கள் நால்வர் காரில் ஏறி அமர்வார்கள்; நான் கீழே படுத்துப் பார்ப்பேன். பாரம் ஏறினால்தான் எது எதில் முட்டுகிறது என்று தெரியும். அன்று ஊரடங்கு இரண்டு மணித்தியாலம்தான் தளர்ந்திருந்தது. வேலைக்கு ஒருவரும் வரவில்லை. அண்ணனை மட்டும் ஏறச் சொல்லிப் பார்த்தேன். பிறேக்கின் ரப்பர் குழாய்க்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

போதும் என்று நினைத்தேனா? போதாது என்று எனக்குத் தெரியும்! தெரிந்தே சரி போட்டேன். பாரம் ஏற்ற வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம்... அரைகுறை வேலை என்று நினைத்துவிடுவாரே என்ற வெட்கம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள், கடுகண்ணாவைக்குக் கீழே ஒரு பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தவர்களுக்கு ஆறு மூட்டை அரிசி ஏற்றிக்கொண்டு தனியாகப் போனார். இறக்கத்து வளைவில் கார் பள்ளத்தில் விழுந்தது. உடைந்த கண்ணாடிக்குள் ஒரு கல் கிடந்தது. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

நொறுங்கிய காரை எங்கள் கராஜுக்கே இழுத்து வந்தார்கள். கீழே படுத்துப் பார்த்தேன். ரப்பர் குழாய் சைலன்சர் சூட்டில் உருகி ஓட்டை விழுந்திருந்தது. பிறேக் எண்ணெய் ஒரு துளி இல்லை. குழாயை அறுத்தெடுத்து மகாவலியில் எறிந்தேன்... யாரும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று, அந்த வளைவில் தேநீர்க்கடை வைத்திருந்த சிங்களவர் சோமபால வந்தார். பள்ளத்தில் இறங்கி அண்ணனை வெளியே எடுத்தவர் அவர்தான். கல்லெறிந்தவரும் அவர்தான் என்று எங்கள் ஆட்கள் முடிவுகட்டியிருந்தார்கள். அண்ணனின் கைக்கடிகாரத்தை நீட்டியபடி அண்ணன் வீட்டு வாசலில் நின்றார்.

"அக்கா, நான் கல் அடிக்க இல்ல. கார் ஹோர்ன் அடிச்சு அடிச்சு வந்தது. நிக்க இல்ல."

அண்ணனின் மனைவி பரமேஸ்வரி அக்கா அதை வாங்கவில்லை. "போயிருங்க" என்று மட்டும் சொன்னார். சோமபால கடிகாரத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் ஏன் ஹோர்ன் அடித்தார் என்று தெரிந்த ஒரே ஆள் நான், அக்காவின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தேன். வாய் திறந்தேனா? அவருடைய கடையில் பிறகு எங்கள் ஆட்கள் எவரும் நிறுத்தவில்லை. அடுத்த வருடம் அது மூடிக் கிடந்தது.

கலவரம் போய் யுத்தம் வந்துவிட்டது. அக்கா அந்தக் கல்லை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். விசாரணை என்று ஒன்று வரும், அன்றைக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். போன வாரமும் எடுத்து என் மடியில் வைத்தார்.

"எவ்வளவு தொடச்சாலும் இந்தப் பக்கத்துக் கறுப்புப் போக மாட்டேங்குது தங்கச்சி. என்னன்னே தெரியல."

டயர் உரசிய கறுப்பு அது. எங்கள் கராஜில் எத்தனையோ வருடம் உரசியது.

"மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சிப் பாருங்க அக்கா" என்றேன்.