தனம் அக்காவுக்காகப் பூசிய சுவர்

கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டதும் பானை புஸ்ஸென்று சீறிக் கொதிக்கும். அந்த ஆவி மூக்கில் ஏறினால் அன்று முழுக்கச் சோறு கூடச் சாக்பீஸ் போல ருசிக்கும். வல்லம் வடகாலில் நெல் விளைந்த காலம் அது. எங்கள் தெருவின் இருபத்தாறு வீடுகளுக்கும் பொங்கலுக்கு ஒருமுறைதான் வெள்ளையடிப்பு. எங்கள் வீட்டில் மட்டும் நடு வருடத்திலும் பானை சீறும். சீறினால், என் அக்கா தனத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

ஆறிய சுண்ணாம்பில் அம்மா வடிகஞ்சியையும் ஒன்றரைப் பிடி "மஞ்சக்காவி" மண்பொடியையும் கலப்பாள். காய்ந்தால் சுவர் பாலேட்டின் நிறத்துக்கு வரும். "வெறும் வெள்ளையா அடிச்சா இவ கரிக்கட்ட மாரி தெரிவா. இதுக்கு முன்னால நிக்க வெச்சா கொஞ்சம் செவத்தாப்புல இருக்கும்" என்பாள். பிள்ளைகள் ஐந்து பேரில் அப்பாவின் கறுப்பு அக்காவுக்கு மட்டும்தான் வந்திருந்தது. "வர்றவங்கள செவுத்தையே கட்டிக்கினு போவச் சொல்லும்மா" என்று சிரித்துக்கொண்டே, நசுக்கிய தென்னை மட்டையால் அக்காதான் அதைப் பூசுவாள்.

பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை எட்டிப் பார்த்து, "இன்னாடி, செவுரு மறுபடியும் மஞ்சளாக் கீது? இந்த வாட்டி எந்தூரு மாப்ள?" என்று கேட்பாள். ஒருமுறை படப்பை, இருமுறை மணிமங்கலம், மற்றவை எனக்குப் பெயர் மறந்த ஊர்கள். வந்தவர்கள் காராசேவைத் தின்றுவிட்டு, போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். அவர்கள் போனதும் அக்காவின் முதுகில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை நான் தட்டிவிடுவேன். "வுடுடா, அங்கயாச்சும் செவப்பா இருக்கட்டும்" என்றாள் ஒருநாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான்கு வருடத்தில் ஏழு தடவை பூசினோம். ஐந்தாம் வருடம் பொங்கலுக்குக்கூட அம்மா கிளிஞ்சல் வாங்கவில்லை. முனியம்மா அத்தையும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் போன அன்றிலிருந்து அக்கா தெருக்குழாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போவதை நிறுத்திக்கொண்டாள். சுவர் உரிந்து உரிந்து விழ, அதைப் பெருக்கிக்கொண்டே அந்த வீட்டிலேயே இருந்து, ஐம்பத்தொரு வயதில் செத்தாள். தொழிற்பேட்டை வந்தபோது வீடும் போயிற்று. அந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. கிளிஞ்சல் விற்றவர்கள் இல்லை, அத்தை இல்லை, அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை.

போன வாரம் படப்பையில் என் மகனின் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெள்ளையில் துளி மஞ்சள் கலந்த நிறம். "இதும் முன்னால நின்னு போட்டோ எடுத்தா யாரா இருந்தாலும் கலரா தெரிவாங்க சார்" என்றார் பெயின்டர். மறுநாள் காலை, ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்த பேத்தியை மகன் முகம் கழுவச் சொன்னான். வரன் பார்க்கிறவர்களுக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். அவள் தன் அத்தைப் பாட்டியின் நிறம்.

"செவுரு எதுக்குப்பா, போன்லயே வெளுத்துக்கலாம்" என்றாள் அவள், கொட்டாவியோடு.

"இதுன்னா நேச்சுரலா இருக்கும். நில்லும்மா."

பதினோரு படம் எடுத்தான். ஒன்றும் அவனுக்குப் பிடிக்கவில்லை. வேண்டாமென்ற சொல் எனக்கு வாய் வரை வந்தது.

"வெளிச்சம் பத்தல. அப்பா, அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறங்களேன்" என்றான்.

எழுந்து போய்த் திறந்துவிட்டேன்.