மூன்று அண்டாக்களும் பூங்காவனமும்

காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பொதுவாக மூன்று பித்தளை அண்டாக்கள் இருந்தன. கல்யாணம், காதுகுத்துக்குச் சமைக்க எல்லோருமாகச் சேர்ந்து வாங்கியவை; சுற்று வட்டாரத்துக்கும் இரவல் போகும். அவை பூங்காவனம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கும். பூங்காவனம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவி, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவள். ரோடு போடும் வேலையில் இருந்த புருஷன் செத்த பிறகு, அவன் சாமான் வைத்திருந்த கொட்டகை காலியாகக் கிடந்தது. பாத்திரம் காக்க ஒரு விதவை போதும் என்று எங்கள் தெருக் கமிட்டிக்காரர்கள் நினைத்தார்கள். என்ன நினைப்பு!

முன்பெல்லாம் அண்டா ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுப் பிள்ளை மாதிரி அங்கேயே தங்கிவிடும். சமையல் முடிந்து கழுவிக் கவிழ்த்த அண்டாமேல் பூனை படுத்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் பாத்திரத்துக்கு அலைந்துகொண்டிருப்பான். அந்த வழக்கத்தைப் பூங்காவனம் உடைத்தாள்.

"அடுப்ப விட்டு எறங்கிருச்சா? கழுவிக் குடு. அடுத்தவன் நிக்கிறான்" என்பாள்.

ஒரே நாளில் ஒரே அண்டாவில் கிளேபாங்கில் காலை உப்புமாவும், எங்கள் தெருவில் மத்தியானச் சாம்பாரும், புக்கிட் ரம்பாயில் ராத்திரிப் பாயசமும் கொதித்ததை நானே பார்த்திருக்கிறேன். அவளுக்கு வாய் நீளம் என்றார்கள். நீளம்தான். வாய் குட்டையானவர்கள் எத்தனை அண்டாவைத் திருப்பி வாங்கினார்கள்?

ஐம்பத்தேழில், இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அந்த வாரம், லோரி முதலாளி கருணாகரன் தன் மகள் கோகிலாவுக்கு வியாழக்கிழமை கல்யாணம் வைத்தார். மூன்று அண்டாவும் அவர் வீட்டுக்குப் போயின. மூன்றாவதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. 'இருக்கட்டுமே, தேவைப்பட்டா' என்று வாங்கி வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை, மூன்று சக்கரப் பெச்சா மிதிக்கும் மருதமுத்துவின் மகள் ருக்மணிக்குக் கல்யாணம். கடைகளில் வாடகைக்குக் கிடைக்கிற பாத்திரமெல்லாம் சுதந்திர விருந்துகளுக்குப் போய்விட்டன. மாப்பிள்ளை வீட்டார் தம்பின் ஊரிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பினால் மருதமுத்து அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

சனிக்கிழமை பூங்காவனம் போய்க் கேட்டாள்.

"மறுவீடு முடியட்டும் பூங்காவனம்" என்றார் கருணாகரன். "கல்யாண வீட்ட விட்டு வெறும் பாத்திரம் வெளிய போகக்கூடாது. மங்கலம் போயிரும்."

"ஒரு பிடி அரிசி போட்டுக் குடுங்கண்ணே. நாம செய்யிறதுதானே?"

"அது சின்னப் பாத்திரத்துக்கு. அண்டாவுல ஒரு பிடி போட்டு யார ஏமாத்துற? அதுவும் ஒன் கையில..."

அதோடு நிறுத்திக்கொண்டார். மீதி அவளுக்குப் புரிந்தது. விதவைக் கை தேய்க்க ஆகும். வாங்கிக்கொண்டு போக ஆகாது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் அங்கிருந்து நேராக மருதமுத்து வீட்டுக்குப் போனாள். 

மறுநாள் விடியும்போது மருதமுத்துவின் பெச்சா கருணாகரன் வாசலில் போய் நின்றது. அதில் அரிசி, பருப்பு, பூசணிக்காய், விறகு. பின்னால் பூங்காவனமும் நாங்கள் ஐந்தாறு பெண்களும். பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை அடுப்பும் அப்படியே இருந்தது. பூங்காவனம் மூன்று அண்டாவையும் ஏற்றச் சொல்லி, தண்ணீர் ஊற்றி, தீ மூட்டினாள்.

கருணாகரன் இடுப்புச் சாரத்தை முடிந்துகொண்டே ஓடி வந்தார்.

"என் வீட்டுல என்னா பண்ற நீ?"

"வெறும் பாத்திரம் வெளிய போகக்கூடாதுன்னீங்க. அதான், நெறைச்சு எடுத்துட்டுப் போறேன்."

"கமிட்டியில சொல்லி ஒங்கிட்ட இருக்கிற கொட்டகைச் சாவியப் புடுங்கிருவேன்!"

"புடுங்குங்க. சோறு வெந்ததும் புடுங்குங்க." கரண்டியை விடாமலே சொன்னாள். "வெள்ளைக்காரன் நேத்து நாட்டையே குடுத்துட்டான். ஒங்களுக்கு ஒரு அண்டாவக் குடுக்க மனசு வரலையா?"

வேலிக்கு வெளியே கூடி நின்ற தெரு முழுக்கச் சிரித்தது. அவர் பெண்டாட்டி சாரதாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவமானம் தாங்காமல் அவர் அடுப்பை அணைக்க வாளித் தண்ணீரைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். ஒரு பெண்ணின் கல்யாணச் சோற்று அடுப்பை அணைத்தவன் என்ற பேர் வாங்க வேண்டுமா? மங்கலத்தைப் பற்றி அவ்வளவு பேசியவருக்கு வாளியைக் கீழே வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

சோறு, சாம்பார், பூசணிக் கூட்டு என்று மூன்று அண்டாவும் விளிம்புவரை நிறைந்தன. இளவட்டங்கள் கழி கொடுத்துத் தூக்கி, கருணாகரனுடைய லோரியிலேயே ஏற்றினார்கள். டிரைவருக்கு ஆள் அனுப்பியது சாரதாம்பாள்.

லோரி கிளம்பும்போது, எதையாவது கேட்டாக வேண்டுமே என்று கருணாகரன் கேட்டார்.

"எப்ப திரும்பிக் கொண்டாந்து வைப்ப?"

மேலே அண்டாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த பூங்காவனம் குனிந்து அவரைப் பார்த்தாள்.

"இங்க எதுக்குண்ணே வரணும்? ஒங்க வீட்டு வேலைதான் முடிஞ்சிருச்சே. சாயந்தரம் உஜோங் பாசிர்ல காதுகுத்து. அங்க போகும்."